இரண்டாம் பக்கம் கேட்காத ஊர்

முனிரத்தினம் அண்ணன் சாகவில்லை. மாலைகள் மட்டும் வந்துவிட்டன.

புத்தலப்பட்டு கிராஸில் இறங்கி உள்ளே நடந்தால் வருகிற சின்ன ஊர். மத்தியான வெயில். அண்ணன் வீட்டு வாசலில் பாதி ஊர் நின்றிருந்தது. முன்னால் நின்றவர்கள் கையில் வாழை இலையில் சுற்றிய சாமந்தி மாலை, இலையின் நுனியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தெரு ஓரத்தில் இரண்டு பேர் வைக்கோல் கொளுத்தி தப்பட்டையைக் காய்ச்ச ஆரம்பித்திருந்தார்கள். வாசப்படியில் அண்ணன் மனைவி சுகுணா அண்ணி. இடுப்பில் தண்ணீர்க் குடம், கையில் விளக்குமாறு.

"எவன் செத்தான்? எவன் செத்தான்னு கேக்கறேன், சொல்லுங்களேன்டா."

வீட்டுக்குள்ளிருந்து ஒரு கனத்த ஆண் குரல் வந்துகொண்டிருந்தது. சமஸ்கிருதத்தில் ஒரு சுலோகம், தெலுங்கில் அதன் பொருள், மறுபடி சுலோகம். எங்கள் சித்தூர் பக்கத்தில் சாவுக்கு மட்டும் போடுகிற கேசட் அது, அந்தச் சத்தம் ஒரு வீட்டிலிருந்து வந்தால் விசாரிக்கவே வேண்டாம். மாலை வாங்கிக்கொண்டு போகலாம்.

நான் உள்ளே அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பாடிக்கொண்டிருந்தது அண்ணன்தான்.

இது எப்படி நடந்தது என்பதற்கு முன்னால் ஒரு சின்னச் சுற்று. மாங்கூழ் ஃபேக்டரியை விட்டு நான் ஓடி வந்த அத்தியாயத்தைப் படித்த வாசகர் ஒருவர், உங்களுக்கு சங்கீதம் தெரியுமா என்று கேட்டு எழுதியிருக்கிறார். தெரியாது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் நிறையக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் என் விருப்பத்தைக் கேட்காமல் போடப்பட்டவை.

கேட்டதும் கெட்டதும்

திருப்பதியில் ஒரு லாட்ஜில் வெந்நீர் பக்கெட் தூக்கினேன். விடிவதற்கு முன்பே தெருவில் உள்ள டீக்கடைகள் எல்லாம் சாமியை எழுப்புகிற ஆல்பத்தைப் போட்டுவிடும். ஒரு கடையில் முதல் வரி ஓடும், அடுத்த கடையில் மூன்றாவது வரி, எதிர்க்கடையில் டேப் சிக்கி ஒரே வரி. பாடியவர் குரலில் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒருவரை இத்தனை பேர் சேர்ந்து எழுப்பினால் அவர் எழுந்து வரம் கொடுப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. நானாக இருந்தால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன். எழுப்பிவிட்டவர்களில் யாரும் கையில் வெந்நீரோடு மாடி ஏறியவர்கள் இல்லை.

அந்த லாட்ஜில் ஒரு கர்நாடக சங்கீத ரசிகர் நிரந்தரமாக ரூம் எடுத்திருந்தார். அவரிடம் ஒரு பெரிய வித்வானின் கச்சேரி ஆல்பம் இருந்தது. வித்வான், ராமா நீ எங்கே இருக்கிறாய் என்று ஆரம்பித்தார். நான் மேல்மாடி முழுக்கக் கூட்டிப் பெருக்கிவிட்டு வந்தபோதும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை நேரத்துக்கு அட்ரஸ் கொடுத்திருந்தால் ராமரே பஸ் பிடித்து வந்திருப்பார். நடுவில் மிருதங்கக்காரர் தனியாக வாசித்தார். அதுதான் எனக்குப் பிடித்தது. அப்போதுதான் ரசிகர் காபி வாங்கி வரச் சொல்வார்.

பிறகு ஏர்பேட்டைச் சேர்ந்த ஒரு டிரைவரிடம் லாரி கிளீனராக இருந்தேன். அவருக்குத் தெலுங்குப் புராண நாடக ஆல்பங்கள் உயிர். ஆர்மோனியம் ஒரு பக்கம் அழ, பாண்டவரில் ஒருவர் 'ஆ' என்று இழுப்பார். அந்த 'ஆ' முடிகிறவரை டிரைவர் பிரேக்கில் கால் வைக்கமாட்டார். மூச்சு முட்டி பாண்டவர் நிறுத்தினால்தான் லாரியும் நிற்கும். ரேணிகுண்டா லெவல் கிராஸிங்கில் ஒரு நாள் கேட் மூடிக்கொண்டிருந்தது, 'ஆ' பாதியில் இருந்தது. அன்றைக்கே வேலையை விட்டேன். கலைக்காக உயிர் கொடுக்கலாம், ஆனால் அது என் கலையாக இருக்க வேண்டும்.

குவைத்திலிருந்து வந்த எங்கள் நகரிப் பக்கத்துப் பையன் ஒருவன் டிஸ்கோ ஆல்பம் கொண்டுவந்தான். ஊரையே கூட்டிப் போட்டுக்காட்டினான். தகர டப்பாவுக்கு மூடி போடுகிற மிஷினும் அந்த டிரம்மும் ஒரே தாளம். ஃபேக்டரியில் அந்த மிஷின் முன்னால் நின்றதற்குக் கூலியாவது கொடுத்தார்கள்.

பெங்களூரில் கட்டட வேலை செய்தபோது வடக்கத்தி இன்ஜினியர் ஒருவர் கஜல் கேட்பார். ஒரு வரி பாடினால் பத்துப் பேர் வாஹ் வாஹ் என்பார்கள். பாடியவரும் சந்தோஷப்பட்டு அதே வரியைத் திரும்பப் பாடுவார். சேற்றில் மாட்டிய வண்டி போலப் பாட்டு பாராட்டில் மாட்டிக்கொள்ளும். பிரிவுத் துயரம் என்று இன்ஜினியர் எனக்குப் பொருள் சொன்னார். அவர் மனைவி ஜெயநகரில் இருந்தார். நாங்கள் குடும்பத்தைப் பிரிந்து சிமெண்ட் மூட்டை மேல் படுத்திருந்தோம். மாதம் ஒரு தடவை எஸ்.டி.டி. பூத்திலிருந்து சோறு துன்னியா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவோம். வாஹ் சொல்ல ஆள் இல்லை.

கடைசியாக, காலேஜ் ஹாஸ்டல் மெஸ்ஸில் தட்டு கழுவினேன். அங்கே இங்கிலீஷ் ராக். விசில் மாட்டிக்கொண்ட குக்கர் மாதிரி ஒரு கிடார். பையன்கள் கண்ணை மூடித் தலையை ஆட்டுவார்கள். இது பசியைப் பற்றிய ஆல்பம் என்று ஒரு பையன் எனக்கு விளக்கினான். விளக்கிவிட்டு, தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போனான்.

புளியந்தோப்பைத் தாண்டினால் பாட்டு

முனிரத்தினம் அண்ணனிடம் நான் சேர்ந்தது அதற்குப் பிறகு. என்னைவிட சில வயது மூத்தவர். மைக் செட் வைத்திருந்தார். ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு டேப், சைக்கிள் கேரியரில் கட்டிய இரண்டு ஹார்ன்கள். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், சாவு எல்லாவற்றுக்கும் அவர்தான்.

அவருக்கு ஆல்பத்தைப் பற்றி ஒரே ஒரு கொள்கை. சத்தம் ஊர் எல்லையில் இருக்கிற புளியந்தோப்பைத் தாண்ட வேண்டும். தாண்டினால் நல்ல ஆல்பம். கஜலை நான் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன்.

"வேலியத் தாண்டல. இன்னாடா ஆல்பம் இது, முழங்கால்ல நோவு வந்தவன் மாதிரி."

"அது மெதுவாதாண்ணா கேக்கணும். உள்ள போய் நிக்கும்."

"உள்ள போய் நிக்கறதுக்கு இன்னாத்துக்கு ஹார்ன் வாங்கணும்? டாக்டரு ஊசிய வெச்சுக்கினு போறேன்."

நாங்கள் சண்டை போடாமல் ஒத்துக்கொண்ட ஆல்பம் ஒன்றே ஒன்று. அந்தச் சாவு கேசட். பாடியவருக்குத் தொண்டை இல்லை, கிணறு இருந்தது. அழுகிறவர்களை அவர் அழாதே என்று சொல்லமாட்டார், நீ பாட்டுக்கு அழு, நான் என் வேலையைப் பார்க்கிறேன் என்பது போல இருக்கும். புளியந்தோப்பைத் தாண்டி ரோட்டுக்குப் போய், பஸ்ஸில் போகிறவனையும் ஜன்னல் வழியாகக் கும்பிட வைக்கும்.

அப்பேர்ப்பட்ட ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தை ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. முதல் பக்கம் முடிவதற்குள் பிணத்தைத் தூக்கிவிடுவார்கள். தூக்கியதும் அண்ணன் ஹார்னை இறக்கி, டேப்பை முதலுக்கே திருப்பிச் சுற்றி, பையில் போட்டுக்கொள்வார். அடுத்த சாவுக்கு மறுபடி முதலிலிருந்து. சும்மா ஒரு நாள் வீட்டில் போட்டுக் கேட்கலாம் என்றால் முடியாது. உயிரோடு இருக்கிற வீட்டில் அதைப் போட்டால் ஆள் போய்விடும் என்பது எங்கள் பக்கத்தில் சந்தேகமில்லாத விஷயம்.

அண்ணியின் சட்டம்

அண்ணனுக்கு கிட்னி போய்விட்டது. திருப்பதியில் டாக்டர்கள் பார்த்துவிட்டு, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மகன் பெங்களூரில் கம்பெனி வேலையில் இருந்தான், வந்து பார்த்துவிட்டுப் போனான். நான் அப்போது மறுபடி பெங்களூர் போயிருந்தேன். கேள்விப்பட்டு வந்தேன். கட்டிலில் அண்ணன் பாதியாகக் கிடந்தார். கால்கள் மட்டும் வீங்கியிருந்தன.

"டேய், ஒரே ஒரு வேலை பாக்கி கீது," என்றார். "அதோட ரெண்டாம் பக்கம். கடைசில இன்னா சொல்லி முடிக்கிறாருன்னு கேக்கணும். ஊர்ல கீற பொணத்துக்கெல்லாம் போட்டுட்டு, நான் முடிவு தெரியாம போவணுமா?"

அண்ணி அடுப்படியிலிருந்தே பதில் சொன்னார். "அது இந்த வூட்ல பாடாது. பாடுச்சுன்னா டேப்ப கெணத்துல போட்டுடுவேன். எமனுக்கு நானே வெத்தல பாக்கு வெச்சுக் கூப்புடணுமா?"

"அவன் கூப்டாமயே வர்றவன்டி."

"வரட்டும். வழி கேட்டுக்கினு வரட்டும்."

பத்து நாள் பேசாமல் இருந்தார்கள். சோற்றுத் தட்டு மட்டும் நடுவில் போய் வந்தது. அண்ணி பயப்பட்டதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரிடம் மிச்சம் இருந்தது அந்த ஆள் ஒருத்தர்தான்.

எனக்கு வழி பெங்களூரில் வாங்கிய பழைய வாக்மேனில் கிடைத்தது. காதுக்குள் மாட்டினால் வெளியே ஒரு பொட்டு சத்தம் வராது என்று அண்ணியிடம் காட்டினேன். அவர் மாட்டிப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார், என் காதில் மாட்டிவிட்டுத் தன் காதை என் காதோடு ஒட்டிக் கேட்டார்.

"வெளிய வராதில்ல?"

"வராது அண்ணி."

"வந்துச்சுன்னா உன்னத்தான் மொதல்ல தூக்கணும்," என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்.

வாக்மேனிலிருந்து சத்தம் வரவில்லை. அண்ணனிடமிருந்து வந்தது. வருஷக் கணக்காக ஹார்னுக்கு அடியில் உட்கார்ந்து காது மந்தமானவர். வால்யூமை முழுக்கத் திருப்பிக்கொண்டார், கண்ணை மூடினார், மனப்பாடமான முதல் பக்கத்தைக் கூடவே பாட ஆரம்பித்தார். தான் பாடுவதே அவருக்குக் கேட்கவில்லை. நான் கையைப் பிடித்து இழுத்தேன், தட்டிவிட்டார். அதே ஏற்ற இறக்கம், சுலோகத்துக்கும் பொருளுக்கும் நடுவே அதே இடைவெளி. நல்ல குரல் என்றுதான் சொல்ல வேண்டும். மாலைக்காரர்கள் வந்ததே அதற்குச் சான்று.

வந்தவர்கள் நின்றார்கள்

முதல் பக்கம் முடிந்து 'டக்' என்று நின்றது. அண்ணன் கண்ணைத் திறந்தார். வாசலில் தலைகள்.

"இன்னாடா, எல்லாம் வந்துகீறீங்க?"

பக்கத்து வீட்டு நாயுடு மாலையை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனார். "போயினாவனி அனுகுன்னாம், ரத்னம்." போய்விட்டாய் என்று நினைத்தோம் என்பதை உயிரோடு இருப்பவரிடமே இவ்வளவு சாதாரணமாகச் சொன்ன ஆளை நான் வேறு பார்த்ததில்லை.

அண்ணன் கோபப்படவில்லை. கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். "மேஸ்திரி வரல போலகீது. பாத்து வெச்சுக்க சுகுணா. அவன் நைனா சாவுக்கு நான் மழையில ஹார்ன் கட்டினேன்."

"வாய மூடு," என்றார் அண்ணி. அழுதுகொண்டிருந்தார், விளக்குமாற்றைக் கீழே வைக்கவில்லை.

"வந்ததுதான் வந்தீங்க, சொல்லிட்டுப் போங்க. இதோட ரெண்டாம் பக்கம் எவனாவது கேட்டுகீறீங்களா?"

"அதுக்குள்ள எடுத்துடறமே," என்றார் தப்பட்டைக்காரர்.

"அப்ப நில்லுங்க. நான் கேட்டுச் சொல்றேன்."

கேசட்டைத் திருப்பிப் போட்டேன். அண்ணன் கண்ணை மூடினார். ஊர் கைகட்டி நின்றது. இந்தத் தடவை அவர் பாடவில்லை. நெற்றியைச் சுருக்கினார், பிறகு உதடு கோணியது, பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறார். நாயுடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஞானம் வந்துவிட்டது என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

நான் இயர்ஃபோனில் ஒரு காதை வாங்கி என் காதில் வைத்தேன்.

சுலோகம் இல்லை. ஸ்கூட்டர் போகிற சத்தம். டீ கிளாஸ் சத்தம். சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், அண்ணன் இந்தக் கேசட்டை இசைத்தட்டிலிருந்து பதிந்து வாங்கிய ரெக்கார்டிங் கடை அது. பக்கத்து டீக்கடைக்காரர் உள்ளே வந்து தெலுங்கில் கத்துகிறார்: அந்தச் சாவுப் பாட்டை நிறுத்து, குடிக்க வந்தவன் எல்லாம் எழுந்து போகிறான். ரெக்கார்டிங் கடைக்காரர், சரி சரி, ஸ்பீக்கரை மூடிவிட்டேன், சத்தம் இல்லாமலே பதிவாகும் என்கிறார். மூடியவர், அவசரத்தில் மைக் பட்டனைத் தட்டிவிட்டிருக்கிறார். இசைத்தட்டு தன் பாட்டுக்குச் சுற்றியிருக்கிறது. கேசட்டில் ஏறியது கடை. கடையோடு, காத்துக்கொண்டு நின்ற முனிரத்தினம் அண்ணன்.

பழைய குரல். பக்கத்தில் கட்டிலில் கிடந்த குரல் இல்லை அது. புது ஹார்ன் வாங்கினதைப் பற்றிப் பீற்றிக்கொண்டிருந்தது.

"ஹார்ன் வேஸ்ட்டுப்பா. எங்க வூட்ல ஒருத்தி கீறா, சுகுணான்னு. அவ ஒரு கொரல் குடுத்தா புத்தலப்பட்டு கிராஸ்ல பஸ் நிக்குது."

"அப்ப இன்னாத்துக்கு ஹார்னு, அவளையே கட்டித் தொங்கவுடு," என்று கடைக்காரர் சிரித்தார்.

"பாத்தேன். கம்பம் தாங்கல."

நான் காதைக் கழற்றுவதற்குள் அண்ணி பிடுங்கிவிட்டார். "எங்க, நானும் கேக்கறேன், சாமி இன்னாதான் சொல்றாருன்னு." புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு பக்தியாக மாட்டினார்.

கட்டிலின் ஓரத்தில், ஒரே கம்பியில் ஆளுக்கு ஒரு காதாக இரண்டு பேரும் இருந்தார்கள். அண்ணியின் முகத்தில் முதலில் பக்தி போனது. பிறகு விளக்குமாறு உயர்ந்தது. அண்ணன் கண்ணைத் திறக்காமல், "இரு, இன்னும் கீது," என்றார்.

அதற்கு மேல் என்ன இருந்தது என்று பிறகுதான் நான் கேட்டேன். அப்ப ஏன்யா கட்டிக்கினே என்று கடைக்காரர் கேட்கிறார். டீ உறிஞ்சுகிற சத்தம். "அது கத்தலன்னா எனுக்கு வூடு மாதிரி இல்லப்பா." அவ்வளவுதான். உடனே ஆம்ப்ளிஃபயர் ரிப்பேரைப் பற்றிப் பேச்சு போய்விடுகிறது.

அண்ணி அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. கூட்டத்தைப் பார்த்து, "இன்னும் இன்னா வேடிக்க? மாலைய எடுத்துக்கினு போய்ச் சேருங்க," என்று கத்தினார். கிராஸில் பஸ் நின்றதா என்று எனக்குத் தெரியாது. என் பக்கம் திரும்பி, "மொதல்லருந்து வை. கடக்காரன் இன்னாமோ கேட்டான், சரியா வுழல," என்றார்.

பெங்களூர் பஸ் லேட்

முடிவு தெரியவில்லை என்ற குறை அண்ணனுக்குப் போகவில்லை. சிரித்ததெல்லாம் சரி, அவர் என்ன சொல்லி முடிக்கிறார் என்று மறுநாளும் கேட்டார். திருப்பதி போய் கம்பெனி கேசட்டே வாங்கி வருகிறேன் என்று கிளம்பினேன். சில கடைகளில் அதைக் கண்ணாடிக்கு முன்னால் வைக்கவே மாட்டார்கள். ஒரு கடையில் உள்ளே போய்ப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்கள். யாருக்கு என்று கடைக்காரர் கேட்டார். கேட்கத்தான் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

ஊருக்குத் திரும்ப இரண்டு நாள் ஆகிவிட்டது, வழியில் ஒரு கூலி வேலை கிடைத்ததால். புத்தலப்பட்டு கிராஸில் இறங்கி நடந்து, புளியந்தோப்புக்கு வந்ததும் அந்தக் கனத்த குரல் கேட்டது. இந்தத் தடவை ஹார்னில். நின்று கேட்டேன், அண்ணன் கூடப் பாடுகிறாரா என்று. இல்லை.

பாகாலாவிலிருந்து வேறு மைக் செட்டுக்காரர் வந்து கட்டியிருந்தார். அண்ணனுடைய கேசட்டைத் தரமுடியாது என்று அண்ணி சொல்லிவிட்டாராம். வந்தவருடைய ஹார்ன் கிழிந்திருந்தது, சத்தம் புளியந்தோப்போடு நின்றது. மேஸ்திரி இந்த முறை வந்திருந்தார்.

முதல் பக்கம் முடிந்தது. தூக்கவில்லை. மகன் பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான், பலமநேரில் பஸ் நின்றுபோனதாக போன் வந்தது. மைக் செட்டுக்காரர் வழக்கப்படி டேப்பை முதலுக்கே திருப்பிச் சுற்றப் போனார். நான் தடுத்து, பேப்பரைப் பிரித்து, என் கேசட்டைக் கொடுத்தேன். இரண்டாம் பக்கம் வைக்கச் சொன்னேன். அப்படி ஒன்று இருக்கிறதா என்றார்.

ஊர் முதல் தடவையாக இரண்டாம் பக்கம் கேட்டது. கைகட்டி, கடைசி வரை. நானும் கேட்டேன். முதல் பக்கம் போலவே ஒரு சுலோகம், ஒரு பொருள். புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் மங்களம் மாதிரி ஒன்று, கொஞ்சம் தம்புரா, பிறகு வெறும் டேப் சத்தம். குறை ஒன்றும் இல்லை. எதிர்பார்த்த அளவுக்கு ஒன்றும் இல்லை.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணி என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். அழுது அழுது குரல் போயிருந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"இதுக்காடா இந்தாளு அப்பிடி அல்லாடினான்? நம்முளுதே நல்லா கீது."